ஆயுத பூஜையும் பிரேக் கட்டையும்

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸில் எனக்கு ஒரு போன்.

“சார், செங்கம் ரோடு டீக்கடையிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டம்மா சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டாங்க. கையில ரத்தம். பயப்படாதீங்க, உக்காந்து டீ குடிச்சினு இருக்காங்க.”

ஒரு செய்தியை இந்த வரிசையிலா சொல்வது? டீயை முதலில் சொல்லியிருந்தால், நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு, மூக்குக் கண்ணாடியை மேஜையிலேயே மறந்துவிட்டு ஓடியிருக்க மாட்டேன். என் மொபெட் ஆபீஸ் வாசலில் நிற்பதையும் மறந்து, வேங்கிக்காலில் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். வழி நெடுக ‘சீக்கிரம் போங்க’, ‘மெதுவா போங்க’ என்று மாற்றி மாற்றிச் சொன்னேனாம். இறங்கும்போது ஆட்டோக்காரரே சொன்னார்.

புவனா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. புடவையில் முட்டிக்கு நேரே ஒரு கிழிசல். மடியில் நீலநிறத் தடுப்பூசிப் பெட்டி. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை —

“பெட்டிக்கு ஒண்ணும் ஆவலைங்க. ஐஸ் கூட அப்படியே இருக்குது.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லி என்னை வாயடைக்க வைத்துவிடுகிறாள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குப் புவனாவைத் தெரியும். ரசத்தில் உப்பு கம்மி என்று நான் எழுதப்போய், மூன்று நாள் உப்பே இல்லாமல் சமைத்தவள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — அவள் கிராம நர்ஸ். அடி அண்ணாமலையும் அதைச் சுற்றி வயல் நடுவே சிதறிக் கிடக்கிற வீடுகளும் அவள் பொறுப்பு. மெயின் ரோட்டோடு பஸ் நின்றுவிடும். அதற்கப்புறம் வரப்பும் வண்டிப்பாதையும்தான்.

அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தொன்பது வயதில், சைக்கிள் கற்றுக்கொண்டாள். மாஸ்டர் யார்? நான்தான். வேங்கிக்காலில் மனை போட்டு, கல் நட்டு, வீடு மட்டும் இன்னும் வராத காலி இடத்தில் ஒரு மாசம் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நான் கற்றுக் கொடுத்த பாடங்களில் முக்கியமானது ஒன்றுதான்.

“வலது கை பிரேக்கைத் தொடவே தொடாதே. அது முன் சக்கரத்துது. புடிச்சா தலைகுப்புறக் கவுத்துடும். என்னா வந்தாலும் இடது கைதான். பின் பிரேக்!”

சும்மா சொல்லவில்லை... அனுபவம்! எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தேரடித் தெருவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. வலது பிரேக்கை ஒரே பிடி. சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ஹேண்டில் பாருக்கு மேலே பறந்துபோய் ஒரு பூக்காரம்மாவின் சாமந்திக் கூடையில் விழுந்தேன். அடி கம்மி, திட்டு ஜாஸ்தி. அன்றைக்கு வலது கை பிரேக்கோடு பகை கொண்டவன், முப்பது வருஷமாகச் சமாதானமே பேசவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு முன் பிரேக் ஒரு அலங்காரம்தான். சந்தேகமிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, புவனா எப்படி விழுந்தாள்?

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கக் கோயிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். முன்னால் ஒரு குடும்பம் கிரிவலம் போகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும் — கிரிவலம் போகிறவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். மலை பளிச்சென்று தெரிகிற இடம் வந்ததும் நடுரோடு என்றும் பார்க்காமல் அப்படியே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிடுவார்கள். பின்னால் லாரி வருகிறதா, நர்ஸ் வருகிறாளா என்றெல்லாம் யோசிக்க மாட்டார்கள். நான் குற்றம் சொல்லவில்லை. அந்த மலையைப் பார்த்தால் எனக்கும் கை தானாகத்தான் மேலே போகிறது.

“பெல் அடிச்சேங்க. அவங்க காதுல வுழல. பிரேக்கைப் புடிச்சேன்... புடிக்கவே இல்ல. வழுக்கினே போச்சு. இன்னும் பலமா இறுக்கினேன். திடீர்னு பின் சக்கரம் கப்புனு நின்னுடுச்சு. அங்க பாத்து ரோட்டுல பூசணிக்கா. சக்கரம் அப்படியே சைடுல இழுத்துனு போச்சு. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.”

ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது நாள் அது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒர்க் ஷாப் வாசலிலும் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய், போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறிக் கூழாகிக் கிடந்தது.

“இடுப்புல புள்ளைய வச்சினு ஒரு பொண்ணு நின்னுனு இருந்துச்சுங்க. இன்னும் ரெண்டு முழம் போயிருந்தா அந்தப் புள்ள மேல ஏத்தியிருப்பேன். புள்ளைங்களுக்கு ஊசி போடப் போறவ, புள்ளை மேலயே...” என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு சைக்கிள் வராதுங்க. இந்த வயசுல ஆசைப்பட்டிருக்கக் கூடாது.”

‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்று முணுமுணுத்தேன். முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, நான் வந்த ஆட்டோவிலேயே அவள் அடி அண்ணாமலைக்குப் போய்விட்டாள். பதினோரு குழந்தைகள் காத்திருக்கும் என்றாள். ஹேண்டில் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் ஜமால் பாய் கடைக்குப் போனேன்.

ஜமால் பாய்க்கு முப்பது வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் ஒரு வால்வு ட்யூப் துண்டு, வெற்றிலைக்குப் பதிலாக. முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே கொடுத்து, ஹேண்டிலை ஒரே திருகில் நேராக்கினார். பிறகு பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பிரேக்கைப் பிடித்தார். முகம் மாறியது. ரிம்மின் உள்பக்கம், பிரேக் கட்டை வந்து பிடிக்கிற இடத்தில், ஒரு விரலை வைத்து இழுத்து மூக்குக்குக் கொண்டுபோனார்.

“இன்னா சார் இது? ரிம்மு பூரா எண்ணெய். தேங்கா எண்ணெய்!”

“அப்படியா?”

“கட்டையும் ஊறிப்போயி இருக்குது. பிரேக் எப்படிப் புடிக்கும்? எண்ணெய் இருக்கற வரைக்கும் வழுக்கும். ஒரு பக்கம் தேஞ்சதும் கப்புனு புடிச்சுடும். யாரு சார் இதுக்கு எண்ணெய் தேச்சது?”

“அது... தெரியலியே, பாய்.”

வாசகர்களே, அது பொய்.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. வீட்டில் இரண்டு வண்டி. என் மொபெட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு பொட்டு, அவ்வளவுதான். புவனாவின் சைக்கிளைத்தான் மணிக்கணக்காக உட்கார்ந்து துடைத்தேன். வெயிலிலும் மழையிலும் அவளைச் சுமக்கிற வண்டியாயிற்றே! பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஹேண்டில், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் தேய்த்தேன். அதோடு விட்டேனா? கம்பிகளுக்கு நடுவே விரலை நுழைத்து, இரண்டு சக்கரத்தின் ரிம்மையும் உள்ளும் புறமும் தேய்த்தேன். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். “இன்னாங்க, புது வண்டியாட்டம் ஆக்கிட்டீங்க!” என்று புவனா சிரித்தாள். அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தையிலேயே நான் மிதந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விஜயதசமி லீவு. சைக்கிள் வீட்டை விட்டு நகரவில்லை. புதன்கிழமைதான் ரோட்டுக்கு வந்தது.

“யாரோ ரொம்பப் பாசமா தேச்சிருக்காங்க சார்” என்றார் ஜமால் பாய், என் முகத்தைப் பார்க்காமலே. “ஆயுத பூஜை முடிஞ்சா வருஷா வருஷம் எனக்கு இந்த மாதிரி ரெண்டு கேஸாவது வருது.”

கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார். இரண்டு ரிம்மையும் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே கேட்டார்.

“ஆமா, அக்கா எந்த பிரேக்கைப் புடிச்சாங்க?”

“பின்னாடிதான். முன்னாடி புடிக்கக் கூடாதுல்ல?”

“யாரு சார் சொன்னது?”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

“சார், பஸ்ஸுல டிரைவர் பிரேக் போட்டா நீங்க எந்தப் பக்கம் சாயறீங்க? முன்னாடி. சைக்கிள்லயும் அதேதான். வெயிட்டு பூரா முன் சக்கரத்துக்கு வந்துடும். பின் சக்கரம் லேசாயிடும். லேசான சக்கரத்தை மட்டும் இறுக்கினா அது சுத்தறதுதான் நிக்கும். சைக்கிள் நிக்காது, இழுத்துனு போவும்.”

“முன்னாடி புடிச்சா கவுந்துடாதா?”

“லபக்குனு புடிச்சா கவுக்கும். எலுமிச்சம்பழம் புழியற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு இறுக்கணும். ரெண்டையும் சேர்த்து. சீட்டுல கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காந்து, கையை நல்லா ஊணிக்கணும். அப்போ ஏன் கவுக்குது?”

“வழுக்க ஆரம்பிச்சுட்டா?”

“லேசா வுட்டுடணும் சார். சக்கரம் சுத்தட்டும், ஹேண்டில் நேரா இருக்கட்டும். அப்புறம் திரும்பப் புடிக்கலாம். ஆனா பயத்துல எல்லாரும் இன்னும் ஜாஸ்தியாதான் இறுக்குவாங்க. அதுவுமில்லாம பூசணிக்கா, மணலு, ஈரம்... அது மேல போயி பிரேக் போடவும் கூடாது, வளைக்கவும் கூடாது. தூரத்துலயே பாத்து வேகத்தைக் கொறச்சுனு நேரா தாண்டிடணும். வளைவுலயும் இதே கதைதான். திரும்பறதுக்கு முன்னாடியே பிரேக், திரும்பும்போது இல்ல.”

எண்ணெயும் நான். பின் பிரேக் உபதேசமும் நான். பூசணிக்காய் மட்டும்தான் நான் உடைத்தது இல்லை.

வீட்டுக்கு வந்து புவனாவிடம் உடனே சொன்னேனா? அதுதான் இல்லை. வியாழனும் வெள்ளியும் அவள் பஸ்ஸில் போய் இறங்கி, வரப்பு வரப்பாக நடந்து, கால் வீங்கித் திரும்பி வந்தாள். சரிசெய்து நிறுத்தியிருந்த சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் நான்தான் அவள் முழங்கைக்கு மருந்து போட்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். ‘எரியுதா?’ என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன்.

சனிக்கிழமை மத்தியானம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஒரு மனு எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை குடுத்துடறேன். டவுன்லயே ரிஜிஸ்டர் எழுதற வேலையா மாத்திக் குடுக்கச் சொல்லி.”

“உனக்கு அந்த ஊர் புடிக்குமே?”

“புடிச்சா ஆச்சா? நடந்து போனா ஒரு நாளைக்கு நாலு வீடுதான் பாக்க முடியுது. எனக்காக மாசமா இருக்கற பொண்ணுங்க காத்துனு கெடக்கணுமா? சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச ஒரு பொண்ணு வரட்டும்.” பேனாவை என் பக்கம் தள்ளினாள். “‘எனக்கு சைக்கிள் ஓட்டும் திறமை இல்லாத காரணத்தால்’னு ஆரம்பிங்க.”

மனு எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபது வருஷமாக ஆபீஸில் அதுதானே பிழைப்பு? ஐயாவில் தொடங்கித் தாழ்மையுடன் வரை பேனா தானாக ஓடும். ஓடியது. ‘எனக்கு சைக்கிள் ஓட்டும் திறமை’ வரைக்கும் ஓடியது. அடுத்த வார்த்தைக்குப் பேனாவை வைத்தேன்... கை வரவில்லை.

“இன்னா யோசிக்கிறீங்க?”

“புவனா... ரிம்முக்கு எண்ணெய் தேச்சது நான்.”

புரியாமல் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், கட்டை, முன் பிரேக், சாமந்திக் கூடை, ஜமால் பாயிடம் சொன்ன பொய் உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“புதன்கிழமையே.”

“புதன்கிழமையேவா?” அவள் குரல் உடைந்தது. “தெனமும் மருந்து போட்டீங்களே, அப்போ சொல்லத் தோணலியா? கண்ணை மூடினா அந்தப் புள்ளதாங்க வருது. எல்லாம் என் கையோட தப்புன்னு நெனச்சினு இருந்தேனே!”

எண்ணெய் தேய்த்தது அறியாமை. மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்கு என்ன பெயர்? ‘மன்னிச்சுடு’ என்றேன். பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கப் பேசின. டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு டம்ளர்தான். அவளுக்கு.

பாதி டம்ளர் காலியானதும் கேட்டாள். “அந்த முன் பிரேக்கு... ஜமால் பாய் என்னா சொன்னாரு? ஒண்ணு வுடாம சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை, அதே வேங்கிக்கால் காலி மனை. புவனா வீட்டிலிருந்து கோலமாவு கொண்டுவந்திருந்தாள். தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஏறுவதற்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. ஏறினாள்.

முதலில் பழைய பழக்கப்படி இடது கை மட்டும். பின் சக்கரம் மண்ணில் நீளமாகக் கீறிக்கொண்டு போய், கோட்டைத் தாண்டித்தான் நின்றது. அடுத்தமுறை, அதே வேகத்தில், பின்னால் தள்ளி உட்கார்ந்து, இரண்டு கையும். சைக்கிள் கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி போனாள். மறுபடி நின்றது. பிறகு ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிச் சேறாக்கச் சொன்னாள். அதில் வேண்டுமென்றே பின் பிரேக்கை இறுக்கி, சக்கரம் இழுத்ததும் லேசாக விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லி வைத்தேன்.

“இப்போ நீங்க ஏறுங்க.”

“நானா? நான் எதுக்கு?”

“முப்பது வருஷமா வலது கையைச் சும்மா வச்சினு இருக்கீங்கள்ல? ஏறுங்க.”

லேடீஸ் சைக்கிளில் ஏறினேன். கோலமாவுக் கோடு நெருங்க நெருங்க எனக்கு அந்தச் சாமந்திக் கூடைதான் கண்ணில் தெரிந்தது. “பின்னாடி உக்காருங்க! ரெண்டையும் புடிங்க! மெதுவா, மெதுவா!” என்று பின்னாலிருந்து சத்தம். கண்ணை இறுக்கிக்கொண்டு — இதை ஜமால் பாய் சொல்லவில்லை, என் சொந்தச் சரக்கு — வலது கையையும் சேர்த்துப் பிடித்தேன். கவிழவில்லை. நின்றேன். கண்ணைத் திறந்தால் முன் சக்கரம் கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை.

“கோலத்தை அழிச்சுட்டீங்க” என்றாள் புவனா. புதன்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

பயத்தில் சொல்கிற புத்திமதியும் பாசத்தில் தடவுகிற எண்ணெயும் ஒரே ரகம்தான் போலிருக்கிறது. கொடுக்கிறவனுக்கு நிம்மதி. விழுகிறது வேறு யாரோ.

திங்கட்கிழமை காலை பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வாசலில் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். தெருமுனையில் திரும்புவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். நான் கவனித்தேன். உள்ளே வந்தால் மேஜையில் அந்த மனு கிடக்கிறது. ‘எனக்கு சைக்கிள் ஓட்டும் திறமை’ என்று நான் நிறுத்திய இடத்தில், அவள் கையெழுத்தில் ‘இருக்கிறது’ என்று எழுதி ஒரு முற்றுப்புள்ளி.

தாளின் அடிப்பக்கத்தை மட்டும் கிழித்திருந்தாள். எதற்கு என்று குளிக்கப் போகும்போதுதான் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ஒட்டியிருந்தது அந்தத் துண்டு: ‘தலைக்கு மட்டும்.’

என் தலையில் அதற்கும் இப்போது ஜாஸ்தி வேலை இல்லை என்பது வேறு விஷயம்!